வளையக் கொட்டகைக்கு வந்தவன்

செய்தித்தாளில் அவளுடைய முகம் வரவில்லை. கை மட்டும்தான் வந்திருந்தது. இடது உள்ளங்கையில் மல்லாந்து கிடந்த ஒரு கதிர்க்குருவி, அதன் காலில் புதிதாகப் போட்ட வளையம். படத்துக்குக் கீழே இரண்டே வரி: வலசைப் பறவைகளுக்கு வளையமிடும் கடற்கரை முகாம், ஞாயிறுதோறும் காலை எட்டு முதல் பத்து வரை பொதுமக்கள் வந்து பார்க்கலாம்.

நாத்தனார் பெருமையாகக் கத்தரித்துச் சாப்பாட்டு மேசையில் வைத்திருந்த அந்தத் துண்டைப் பார்த்தபோது அவள் கண்ணில் முதலில் பட்டது குருவி இல்லை. தன் சுண்டுவிரல். நடு மூட்டில் வெளிப்பக்கமாகக் கோணிக்கொண்டு நின்ற விரல். பார்த்த மாத்திரத்தில் அது யாருடைய கை என்று சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவன்தான் இருந்தான். அந்த விரலைக் கோணலாக்கியவன்.

"மூஞ்சி வரக் கூடாதுன்னு நிருபர்கிட்ட கண்டிச்சுச் சொல்லியிருந்தேன். வரல பாத்தியா?" என்றாள் நாத்தனார்.

"வரல அண்ணி."

"அப்புறம் ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?"

அவள் தன் இடது கையை அந்தப் படத்துக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள். நாத்தனார் இரண்டையும் பார்த்தாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

நாத்தனார் என்றால் அவள் கணவனின் சொந்த அக்கா. நாத்தனார் பெயரைச் சொல்லியே பெண்களைப் பயமுறுத்தும் வழக்கம் எங்கும் உண்டு. இவளுக்கோ ஒதுங்க இடம் கொடுத்தவளே நாத்தனார்தான். பதினாலு வருஷத்துக்கு முன்னால் வீட்டுக்குப் பிடிக்காத ஒருவரைக் கட்டிக்கொண்டு வெளியேறியவள். புருஷனுக்குக் கப்பல் வேலை, வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து போவார். நாத்தனாரோ பறவை ஆராய்ச்சி என்று கடலோரமே கதியாகிவிட்டாள். தம்பிக்காரன் அவளைத் தலைமுழுகிவிட்டான். யாராவது கேட்டால், "எனக்கு அக்கா இல்ல, செத்துட்டா" என்பான். அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நண்பகலில், ஒரு பையோடும் கட்டுப் போட்ட கையோடும் இவள் வந்து தட்டிய கதவு அந்தக் கதவாக இருந்தது. அவன் நினைத்துக்கூடப் பார்க்காத ஒரே வீடு அது. கதவைத் திறந்த நாத்தனார் அதற்கு முன் இவளைப் பார்த்ததே கிடையாது. யார் என்று தெரிந்ததும் கைக்கட்டைப் பார்த்து, "எங்கப்பா மாதிரியே ஆயிட்டானா அவன்?" என்று கேட்டு வழிவிட்டு நின்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அவன் மருந்துக்கடை வைத்திருந்தான். வாயைத் திறந்தால் வெல்லம். வயசானவர்களுக்கு எந்த மாத்திரை எப்போது என்று உறைமேல் சூரியனும் நிலவும் வரைந்து கொடுப்பான். வீட்டிலும் அவன் சத்தம் போட்டதே இல்லை. கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும். கடைசியில் ஒட்டிக் கேட்டால்தான் கேட்கும் அளவுக்கு வந்துவிடும். மேசை இழுப்பறையில் அவள் விரலை வைத்து மெல்ல மெல்ல மூடியபோதும், யாரிடம் ஃபோனில் பேசினாய் என்று அந்தக் குரலில்தான் கேட்டுக்கொண்டிருந்தான்.

செய்தி வந்தது புதன்கிழமை. ஞாயிறுக்கு நாலு நாள் இருந்தது.

"அந்தப் பேப்பர் அவன் ஊருக்குப் போகுதோ என்னமோ," என்றாள் நாத்தனார். "போனாலும் கடைக்காரனுக்குக் குருவிச் செய்தி படிக்க ஏது நேரம்?"

அவன் செய்தித்தாளை ஒரு மூலை விடாமல் படிப்பவன் என்பது இரண்டு பேருக்குமே தெரியும். அந்த நாலு நாளும் அவள் குளியலறைக் கதவைத் தாழிடாமல் குளித்தாள். உள்ளே மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? குழாய் சொட்டினால் எழுந்து உட்கார்ந்தாள். தெருவில் வண்டி நின்றால் சமையலறைக்குப் போய்ப் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டி கிளம்பிப் போன பிறகும் கையை எடுக்க மறந்து அப்படியே நின்றாள்.

சனிக்கிழமை நாத்தனார், "நாளைக்கு நீ முகாம் கொட்டகைக்கு வராதே," என்றாள்.

"வீட்டுக்கு வந்தான்னா? தனியா இருப்பேனே. அங்கயாவது நாலு பேர் இருப்பாங்க."

நாத்தனார் யோசித்துப் பார்த்துத் தலையாட்டினாள்.

ஞாயிறு விடியும் முன்பே காற்று திசை மாறியிருந்தது. அப்படி மாறினால் வலசை வரும் பறவைகள் கூட்டமாக இறங்கும். நாணல் புதருக்குள் கட்டியிருந்த வலைகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லியவை. அன்று அவற்றில் பை பையாகக் குருவி விழுந்தது. நாத்தனாரும் இரண்டு கல்லூரிப் பெண்களும் வலைக்கும் கொட்டகைக்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள். சிக்கிய ஒவ்வொன்றையும் எடுத்து ஒரு சின்னத் துணிப்பையில் போட்டு, கயிற்றை இறுக்கிக் கொண்டுவந்து, கொட்டகைச் சுவரில் வரிசையாக இருந்த கொக்கிகளில் மாட்டிவிட்டுப் போனார்கள். பைக்குள் இருட்டு என்பதால் குருவி அடங்கி இருக்கும். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, தாங்காது.

மேசையில் அவள். அவளுக்கு வலப்பக்கம், பேரேட்டோடு தபால்காரர். ஓய்வுபெற்ற பிறகு பொழுது போகாமல் முகாமுக்கு வந்து ஒட்டிக்கொண்டவர். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். இடது காதுதான் சுத்தமாகக் கேட்காது, அவள் உட்காருவது அந்தப் பக்கம். இடத்தை மாற்றிப் போடலாமே என்றால், ஜன்னல் வெளிச்சம் பேரேட்டில் விழ வேண்டும் என்பார். அதனால் அவள் எல்லா அளவையும் உரக்கச் சொல்லிப் பழகியிருந்தாள்.

"வளையம் ஏழு ரெண்டு நாலு ஆறு. இறக்கை அறுபத்திரெண்டு. கொழுப்பு மூணு. எடை ஒன்பது புள்ளி நாலு."

"ஒன்பது புள்ளி?"

"நாலு சார்."

எழுதி முடித்ததும் அவள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி விரல்களைத் திறப்பாள். பறவை ஒரு கணம் உள்ளங்கையிலேயே படுத்திருக்கும், பிறகு இருக்காது.

எட்டரை மணிக்குள் முப்பது பேர் வந்துவிட்டார்கள். மேசைக்கு முன்னால் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் வரிசையில் நின்று பார்த்துவிட்டு நகர வேண்டும். தொப்பி போட்ட ஒரு பருமனான அம்மாள் தன் கொழுந்தன் மனைவிகளான இரண்டு ஓர்ப்படிகளோடு வந்து, வரிசையைத் தாண்டி யாராவது தலையை நீட்டினால் அதட்டிக்கொண்டிருந்தாள். மேசையில் இருந்தவள், அவன் இருக்கிறானா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இல்லை. அடுத்தது. இல்லை. ஒன்பது மணி ஆனபோது தோள்கள் லேசாக இறங்கின. பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

முதலில் வந்தது குரல்தான்.

"மன்னிக்கணும், கொஞ்சம் வழி விடுறீங்களா? பாவம், குழந்தைக்குத் தெரியல. நீ முன்னாடி வா கண்ணு."

யாருடைய குழந்தையையோ தோளைத் தொட்டு முன்னால் நடத்திக்கொண்டு, அந்தக் குழந்தைக்குப் பின்னால் அவன் வந்து நின்றான். இஸ்திரி போட்ட வெளிர்நீலச் சட்டை. கொஞ்சம் இளைத்திருந்தான்.

அவள் கையில் ஒரு குருவி இருந்தது. வளையம் பாதி மூடியிருந்தது. பாதி மூடிய வளையத்தோடு விட்டால் கால் அறுபடும். அவள் பிளையரைத் திருப்பி வைத்து, இரண்டு முனையும் ஒன்றோடொன்று பொருந்தும் வரை அழுத்தினாள். அது எப்படி முடிந்தது என்று பின்னால் யோசித்தபோது அவளுக்கே விளங்கவில்லை.

கொக்கிகளில் பதினொரு பைகள் தொங்கின. பின்கதவு திறந்துதான் இருந்தது. ஓடலாம். ஓடினால் பதினொன்றும் தொங்கிக்கொண்டே கிடக்கும். நாத்தனார் தூரத்து வலையில் இருந்தாள். ஓடுவதற்கு வெளியே மணலும் நாணலும் தவிர வேறு என்ன இருக்கிறது?

அவன் கயிற்றின்மேல் லேசாகக் குனிந்தான்.

"நல்லாத்தான் பிடிக்கிறே," என்றான். "விரல்தான் சரியாகல போல."

அவள் குருவியை ஜன்னலுக்கு வெளியே விட்டாள். அளவெடுக்கவே இல்லை. தபால்காரர் பேனாவைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார்.

அவன் கையை நீட்டி, அருகிலிருந்த கொக்கியிலிருந்து ஒரு பையை எடுத்தான். "இதுக்குள்ள ஒண்ணு இருக்கா? எவ்வளவு லேசு பாருங்க," என்று பக்கத்திலிருந்தவர்களிடம் காட்டினான். ஒரு அப்பா சிரித்தார். குழந்தை பையைத் தொடக் கை நீட்டியது. அவன் அதைப் பதமாக விலக்கினான். பையை உள்ளங்கையில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினான்.

பைகளை யாரும் தொடக் கூடாது என்று சுவரில் எழுதிப் போட்டிருந்தது. அவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"வெளியில வண்டி நிக்குது," என்றான் அவன். குரல் இறங்கியிருந்தது, இறுதிப் படிக்கு வந்துவிட்டது. "சத்தம் போடாம வந்து ஏறு. இல்லேன்னா அடுத்தது எந்த விரல்னு நீயே சொல்லு." துணிக்குள் ஏதோ ஒருமுறை அசைந்தது. அவன் விரல்கள் இன்னும் கொஞ்சம் நெருங்கின.

"என்னம்மா?" என்றார் தபால்காரர். "எடை சொன்னியா? சத்தமாச் சொல்லும்மா, இந்தக் காதுக்கு ஒண்ணும் விழல."

இரண்டு வருஷமாக அவர் அப்படிக் கேட்பார், அவள் உரக்கச் சொல்வாள். ஆயிரக்கணக்கான தடவை. சொல்வோமா வேண்டாமா என்று அவள் முடிவெடுக்கவில்லை. எண்களைச் சொல்லும் அதே குரலில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, அவள் சொன்னாள்.

"வெளியில வண்டி நிக்குது. சத்தம் போடாம வந்து ஏறு. இல்லேன்னா அடுத்தது எந்த விரல்னு நீயே சொல்லு."

தபால்காரர் பழக்க தோஷத்தில் அதைக் குறிப்புக் கட்டத்தில் எழுதிக்கொண்டே போனார். விரல் என்ற சொல்லில் பேனா நின்றது. கண்ணாடியை இறக்கி முதலில் தான் எழுதியதை, பிறகு அவளை, பிறகு எதிரே நின்றவனைப் பார்த்தார்.

"யார் சொன்னது?"

"இவர்தான் சார். என் புருஷன்."

அவன் சிரித்தான், கடையில் சிரிக்கும் சிரிப்பு. "என் மனைவிங்க," என்றான் எல்லோருக்கும் பொதுவாக. "கோவிச்சுக்கிட்டு வந்துட்டாங்க. குடும்பம்னா நாலும் இருக்கும். சமாதானமா கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன்."

இரண்டு மூன்று தலைகள் ஆடின. சிரித்த அப்பா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார். "புருஷன் பொண்டாட்டி விஷயம்," என்று பின்னாலிருந்து ஒரு ஆண் குரல் வந்தது. வாயைத் திறந்து சொன்னாகிவிட்டது. சொல்லியும் ஒன்றும் நடக்கவில்லை. இனி வண்டியில் ஏற வேண்டியதுதான் மிச்சம் என்று தோன்றியது.

"அதெல்லாம் இருக்கட்டும்," என்றாள் தொப்பி அம்மாள். "இவர் யாரு குழந்தையையோ தள்ளிக்கிட்டு வரிசையில பூந்தவர். நாங்க முக்கால் மணி நேரமா நிக்கிறோம். பின்னால போங்க சார்." சொல்லிவிட்டுக் கயிற்றுக்கும் அவனுக்கும் நடுவே தன் உடம்பைக் கொண்டுவந்து நிறுத்தினாள். ஓர்ப்படிகளும் வந்து நின்றார்கள். அவனால் இப்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்த நேரத்தில் நாத்தனார் முழங்கை வரை பைகளை மாட்டிக்கொண்டு பின்கதவுப் படியில் ஏறினாள். ஏறியவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"அக்கா," என்றான் அவன்.

"செத்துட்டேன்னு சொல்லிட்டுத் திரியிறியாமே," என்றாள் நாத்தனார். குரல் உடைந்துதான் வந்தது. ஆனாலும் நடந்து வந்தாள். "பையைக் குடு."

"சும்மாதான் வச்சிருந்தேன்."

"குடு."

கொடுத்தான். நாத்தனார் கயிற்றைத் தளர்த்தி உள்ளே பார்த்தாள். கையை விட்டு எடுத்து மேசைமேல் வைத்தாள். பழுப்பு நிறக் கதிர்க்குருவி, இந்த வருஷத்து இளசு. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, கண் பாதி மூடி, அலகின் ஓரத்தில் எள் அளவு ரத்தம்.

குழந்தை அழ ஆரம்பித்தது. "கொன்னுட்டாரே," என்றாள் ஒரு ஓர்ப்படி. சற்று முன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "என்னய்யா மனுஷன் நீ?" என்று முன்னால் வந்தார். புருஷன் பொண்டாட்டி விஷயம் என்ற அதே குரல் இப்போது போலீஸுக்கு ஃபோன் போடச் சொன்னது. அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் விரலுக்குத் திரும்பாத கண்கள் குருவிக்குத் திரும்புகின்றன. வலித்தது. ஆனாலும் அந்தக் கண்கள் வேண்டியிருந்தன. யாசகம் மாதிரி அதையும் வாங்கிக்கொண்டாள்.

"நான் சும்மா பிடிச்சேன்! அது தானா செத்துச்சு!" என்றான் அவன். அவன் குரல் உயர்ந்து அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. உயர்ந்தபோது அது மெலிசாக இருந்தது, கீச்சென்று. ஐந்து வருஷம் அவனோடு குடித்தனம் செய்தவளுக்கு அந்தக் குரலைத் தெரியவே தெரியாது.

கூட்டம் நெருங்கியது, அவன் பின்வாங்கினான். வாசலில் திரும்பி, நாத்தனாரைப் பார்த்து மறுபடி தணிந்த குரலில், "வீடு எதுன்னு பாத்துட்டுத்தான் வந்தேன்," என்றான். போய்விட்டான். தொப்பி அம்மாள் அவன் பின்னாலேயே போய் வண்டி எண்ணை உரக்கப் படித்தாள். தபால்காரர் நல்ல காதைத் திருப்பிக் கேட்டு, பேரேட்டிலேயே எழுதிக்கொண்டார்.

வண்டிச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் அவள் கை நடுங்க ஆரம்பித்தது. பிளையர் மேசையில் தடதடவென்று அடித்துக்கொண்டது. நாத்தனார் அதை அவள் கையிலிருந்து எடுத்தாள். தன் கையும் அப்படித்தான் ஆடுவதைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"இன்னிக்கு இந்தக் கையால எந்தக் குருவி காலையும் ஒடிச்சிரக் கூடாது," என்றாள். வளையம் போடாத ஒரு குருவியைக்கூட வெளியே விடாத நாத்தனார், அன்று ஜன்னலில் நின்று ஒவ்வொரு பையாகத் தலைகீழாகப் பிடித்தாள். பத்தும், தான் கொண்டுவந்தவையும் பறந்து போயின.

காவல் நிலையத்துக்குத் தபால்காரர் பேரேட்டோடு வந்தார். பெண் ஆய்வாளர் அந்தப் பக்கத்தைப் படித்தாள். "ஏழு ரெண்டு நாலு ஆறு, ஒன்பது புள்ளி நாலு... அடுத்தது எந்த விரல்... இது என்னங்க?" என்று நிமிர்ந்தாள். தபால்காரர் ஆதியிலிருந்து விளக்கினார். எழுதியது எத்தனை மணிக்கு என்பதையும் சொன்னார், பேரேட்டில் நேரக் கட்டமும் இருந்தது. ஆய்வாளர் அவளிடம், "கையைக் காட்டுங்க," என்றாள். அவள் காட்டினாள். இரண்டு வருஷத்தில் அவள் அதை ஒருவருக்கு விரித்துக் காட்டியது அது இரண்டாவது தடவை.

வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் முன்கதவைத் தாழிட்டாள். தாழை இழுத்துப் பார்த்தாள். நாற்காலி ஒன்றை அண்டக் கொடுத்தாள். பிறகு அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

"உனக்கு ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள். "அவன் குரலைக் கேட்டதும் எனக்கு எங்கப்பா வந்துட்டார்னுதான் தோணுச்சு. செத்து இருபது வருஷமாச்சு அந்த மனுஷன். அந்தக் கதவு நிலைய மட்டும் பிடிக்கலன்னா நான் அப்படியே திரும்பி ஓடியிருப்பேன். உன்னை விட்டுட்டு."

"ஓடலியே அண்ணி."

"ஓடல. ஆனா சேலை நனைஞ்சிருச்சு. அதை யார்கிட்டயும் சொல்லிடாதே."

அவள் எழுந்து போய் நாத்தனாருக்கு வெந்நீர் போட்டு வந்தாள்.

மூன்றாவது வாரம் நீதிமன்ற உத்தரவு வந்தது: வீட்டுக்கோ கொட்டகைக்கோ அவன் ஐந்நூறு மீட்டருக்குள் வரக் கூடாது. அதன் பிறகும் அவன் வண்டி ஒருமுறை தெருமுனையில் நின்றது. ஆய்வாளருக்குச் சொன்னார்கள், ஓர் இரவு அவனை நிலையத்தில் உட்கார வைத்தார்கள். பிறகு வரவில்லை. மருந்துக்கடையை விற்றுவிட்டான் என்று கேள்வி. எங்கே போனான் என்று தெரியவில்லை, அதுதான் அவளுக்கு மோசமாக இருந்தது. இருக்கும் இடம் தெரிந்தால் பயத்தை ஒரு திசையில் வைக்கலாம். அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் தொடர்ந்து மேசையில் உட்கார்ந்தாள். தைரியத்தால் இல்லை. வீட்டில் தனியாக இருக்க முடியாததால்.

முகாம் முடிந்து வலைகளைச் சுருட்டி மூட்டை கட்டிய அன்று மாலை, வீட்டு வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. கதவு திறந்து மூடும் சத்தம். காலடி. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நாத்தனார் தோசைத்திருப்பியை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். அவள் பின்கதவின் தாழில் கை வைத்தபடி, மூச்சை அடக்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பல் டாக்டர் வீடு இதுதானுங்களா?" என்றது ஒரு கிழக் குரல்.

"மூணு வீடு தள்ளி," என்றாள் நாத்தனார்.

"அதைக் கொஞ்சம் கீழ இறக்குங்கம்மா. இருக்கிறதே நாலு பல்லு."

நாத்தனார் திரும்பி வந்து தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அவளால் அன்று சிரிக்க முடியவில்லை. மறுநாள் காலையில் பல் துலக்கும்போதுதான் சிரிப்பு வந்தது.